முன்ஷி அப்துல்லாவின் பிரயாணக் குறிப்புகள்

ஒரு தேசத்தின் சென்றகால நிலைமையை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அரசாங்கத்தார் எழுதிவைத்த கடிதங்களையும் உடன்படிக்கைகளையும் வரவு செலவுக் கணக்குகளையுமே தேடிப் போகின்றனர். அவற்றில் கவர்னர்கள் வருவார்கள், போவார்கள், துறைமுகங்கள் திறக்கப்படும், வரிகள் விதிக்கப்படும். ஆனால், அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் எப்படியிருந்தான், சந்தைக்குச் சென்ற பெண் எதைக் கண்டு அஞ்சினாள், பிள்ளைகள் எந்த முறையில் கல்வி கற்றார்கள் என்பனவற்றை அவற்றிலிருந்து அறிவது அரிது. இவற்றை நமக்குச் சொல்ல வல்லவன், தான் கண்டதைக் கண்டபடியே எழுதிவைத்த தனி மனிதன் ஒருவனே. அத்தகைய மனிதர் நம் நாட்டில் மிகச் சிலரே தோன்றினர். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை தினசரி எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளை அவர்களில் ஒருவர். கடல் கடந்து சிங்கப்பூரில் வாழ்ந்த முன்ஷி அப்துல்லா மற்றொருவர். பின்னவரைப் பற்றித் தமிழர்களாகிய நாம் அறிந்திருப்பது போதாதென்பது நமது எண்ணமாதலின், அவர் எழுதிய நூல்களைச் சிறிது ஆராய்வோம்.

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796-ம் வருஷம் மலாக்காவில் பிறந்தவர். இவருடைய முன்னோர் ஏமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து குடியேறிய அரபியர். அவர்களுடைய வழித்தோன்றல் ஒருவர் மலாக்காவுக்குச் சென்று, தமிழ் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த பெரியாச்சி என்னும் மாதை மணந்தார். அந்த அம்மையாரே அப்துல்லாவின் பாட்டியார். அவர் மலாக்காவில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடத்தி வந்தவர் என்று பேரன் பெருமிதத்தோடு எழுதியிருக்கின்றார். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று நம் நாட்டில் பலரும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்ப் பெயர் பூண்ட ஒரு பெண்மணி அயல்நாட்டில் ஆசிரியையாக விளங்கினார் என்னும் இச்செய்தி, எந்தக் கம்பெனி ரிக்கார்டிலும் கிடைப்பதன்று.

அப்துல்லா இளமையில் இரண்டரை வருஷ காலம் தமிழ் பயின்றார். ஏன் பயின்றார் என்பதற்கு அவர் கூறும் காரணம் கவனிக்கத் தக்கது. மலாக்காவில் அந்நாளில் தமிழ் வணிகர் பெருந்தொகையாக இருந்தனர். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அவ்வூரில் நெடுநாளைய வழக்கம். கணக்கெழுதுவதற்கும் வியாபாரப் பேச்சுக்கும் அது இன்றியமையாததாக இருந்தது. அதாவது, தமிழ் அங்கே கோயில் மொழியாகவோ குலப்பெருமையாகவோ அன்று, கடைத்தெருவின் மொழியாக மதிக்கப்பெற்றிருந்தது. இக்கல்வி வீண்போகவில்லை. 1835-ல் அப்துல்லா பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்குப் பெயர்த்தார். மலாக்காவிலிருந்த ஒரு தமிழ் நண்பர் இதில் அவருக்குத் துணை நின்றார். தமிழரைக் குறிக்க அவர் வழங்கும் சொல் ‘கிளிங்’ என்பது. பிற்காலத்தில் இச்சொல் இழிசொல்லாகிவிட்டது. அப்துல்லாவின் எழுத்தில் அதற்கு அத்தகைய இழிவு இல்லை. ஒரு சொல் எவ்வாறு தாழ்ந்தது என்பதை ஆராய்ந்தால், அச்சொல்லால் குறிக்கப்பட்ட மக்கள் வணிகர் நிலையிலிருந்து கூலிகள் நிலைக்கு எவ்வாறு இறங்கினர் என்பதும் விளங்கும்.

இவர் எழுதியவற்றுள் முக்கியமானவை மூன்று. 1838-ல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குச் சென்று வந்த கடற்பிரயாணத்தின் குறிப்பு ஒன்று. 1843-ல் எழுதி முடிக்கப்பெற்று 1849-ல் கல்லச்சில் வெளிவந்த சுயசரிதமாகிய ‘ஹிக்காயத் அப்துல்லா’ இரண்டாவது. 1854-ல் மக்கா யாத்திரை புறப்பட்டபோது எழுதிய குறிப்பு மூன்றாவது. இவற்றைப் படிப்போர் முதலில் ஒரு வேற்றுமையை மனத்தில் கொள்ளவேண்டும். கிளந்தான் குறிப்பு, பிரயாணம் நிகழ்ந்த சமீபத்திலேயே எழுதப்பட்டது. சுயசரிதமோ, இருபது முப்பது வருஷங்களுக்கு முன் நடந்தவற்றை நினைவிலிருந்து எடுத்து எழுதியது. அதில் ஆண்டுகள் பிறழ்வதுண்டு; முன்னது பின்னதாவதுண்டு. 1819-ம் வருஷம் ராபில்ஸ் சிங்கப்பூரில் இறங்கிய வரலாற்றை அவர் விரிவாகச் சொல்லுகின்றார். ஆயினும் அப்பொழுது அவர் அங்கிருந்தவரல்லர். சில மாதங்களுக்குப் பின்னர் வந்து சேர்ந்து, பிறர் சொல்லக் கேட்டதையே எழுதினார். ‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய்’ என்னும் நம் பழமொழியைத் துணைக்கொண்டு இந்நூலைப் படிப்பதே முறை. இவ்வாறு கேள்விச் செய்திகளைத் தனியே பிரித்துவிட்டாலும், அவர் கண்ணெதிரே கண்டவை ஏராளமாக எஞ்சி நிற்கின்றன.

அவர் கண்ட ஆதி சிங்கப்பூர் எத்தகையது? கடற்கரை மணலில் மனிதத் தலையோடுகள் நூற்றுக்கணக்கில் உருண்டுகிடந்தன என்கிறார். கடற்கொள்ளைக்காரர் பிடித்து வந்தவர்களைக் கொன்றெறிந்த இடம் அதுவென்று அங்கே வாழ்ந்த கடலோடிகள் சொன்னார்களாம். அத்தலையோடுகளைச் சாக்குகளில் கட்டிக் கடலில் எறியும்படி ரெசிடென்டாயிருந்த பர்க்குவார் துரை உத்தரவிட்டார். ஊரில் எலிகள் பூனைகளையே எதிர்த்துத் தாக்குமளவு பெருத்திருந்தன. எலி ஒன்றைக் கொன்று கொணர்வோர்க்குக் காசு கொடுப்பதாகப் பர்க்குவார் அறிவிக்கவே, ஜனங்கள் பொழுது விடிந்ததும் செத்த எலிகளுடன் வந்து குவிந்தனர். எலித் தொல்லை குறைந்த பின் பூரான் தொல்லை தலைகாட்டிற்று. அதற்கும் அவ்வாறே காசு கொடுக்கப்பட்டது. ஒரு பெருநகரத்தின் பிறப்பைக் கூறும் சரித்திராசிரியர்கள் உடன்படிக்கையின் ஷரத்துகளை எண்ணிக்கொண்டிருக்கையில், இவர் எலிகளைப் பற்றி எழுதுகின்றார். ஆனால், காட்டை வெட்டிக் குடிசை போட்டுத் துணி மூட்டையையும் அரிசி மூட்டையையும் காத்துக்கொண்டிருந்த சாதாரண மனிதனுக்கு, உடன்படிக்கையினும் எலியே பெரிய விஷயமாக இருந்திருக்குமென்பதில் ஐயமுண்டோ?

சிங்கப்பூர் ஆற்று முகத்தில் எழுத்துகள் பொறித்த ஒரு பெருங்கல் இருந்தது. அதனை இந்துக்களின் எழுத்தென்று நம்மவர் சொல்ல, சீன எழுத்தென்று சீனர் சொல்ல, ஒருவராலும் படிக்க முடியாமற் போயிற்றென்று அப்துல்லா எழுதுகின்றார். 1843-ல் இடத்தை விரிவாக்கவேண்டி அக்கல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் ஒரு துண்டே இன்று சிங்கப்பூர் தேசியப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றது. அதிலுள்ள எழுத்தும் இதுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை. வெள்ளையரின் அறிவையும் ஆட்சியையும் பல இடங்களில் புகழும் அப்துல்லா, இங்கே சினந்து பேசுகின்றார். தம்மால் படிக்க முடியவில்லை என்பதற்காகப் பின்னால் வரும் அறிவாளிகள் படிக்கக்கூடியதை உடைத்தெறிவது அறியாமையென்பது அவர் கருத்து. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டுகளின் மேல் சுண்ணாம்பு பூசுவோரும், அவற்றைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போடுவோரும் இப்பகுதியைப் படித்தல் நன்று.

இதனினும் நம் நெஞ்சை உருக்குவது அடிமை வாணிகத்தைப் பற்றிய பகுதி. பூகிஸ் வணிகர் தம் மரக்கலத்தில் கொணர்ந்த ஆண்களையும் பெண்களையும் கயிற்றிற் கட்டி இழுத்துச் சென்று விற்றதையும், பிரம்பால் அடித்ததையும், வாங்க வந்தவர்கள் பெண்களின் உடலைத் தொட்டுத் தடவி மாடு பிடிப்பதுபோல் பார்த்ததையும் அப்துல்லா நேரிற் கண்டு எழுதியுள்ளார். கண்டதோடு நில்லாமல் ராபில்ஸிடம் சென்று முறையிட்டதாகவும் கூறுகின்றார். 1823-ல் ராபில்ஸ் சிங்கப்பூரில் அடிமை வாணிகத்தைத் தடை செய்தார் என்று ஒரே வாக்கியத்தில் பாடப்புத்தகங்கள் சொல்லிவிடுகின்றன. தடை செய்யப்பட்ட பொருள் யாதென்பதை அப்துல்லாவின் பக்கங்களே நமக்குக் காட்டுகின்றன.

கல்வியைப் பற்றி அவர் கூறுவனவும் இவ்வாறே உயிருள்ளவை. மலாக்காவின் பள்ளிகளில் பிள்ளைகளின் விரல்களைப் பிரம்புகளுக்கிடையே வைத்து நெருக்குவது முதலான தண்டனைகளை அவர் வரிசைப்படுத்தும்போது, நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் கோதண்டமும் அண்ணாந்தாளும் நமக்கு நினைவு வருகின்றன. பிள்ளைகள் பொருளறியாமல் வேதம் ஓதுகின்றனர். தாய்மொழியாகிய மலாயைக் கற்பிக்கவோ ஒரு பள்ளியுமில்லை. தாய்மொழியைக் கற்கவும் வேண்டுமோ என்று பெரியோர் நகைக்கின்றனர் என்று அவர் வருந்துகின்றார். நூல்களெல்லாம் கையால் எழுதப்பட்டிருந்த அக்காலத்தில் ராபில்ஸ் பல பேரிடமிருந்து மலாய்ச் சுவடிகளைத் திரட்டினார். 1824 பிப்ரவரியில் அவர் ஏறிச் சென்ற ‘பேம்’ என்னும் கப்பல் தீப்பற்றியதால் அவையனைத்தும் அழிந்தன. ராபில்ஸ் உயிர் தப்பியதற்கு மகிழும் அப்துல்லா, வேறு பிரதியில்லாத அந்நூல்களுக்காகத் துயருறுகின்றார். அவரே பாதிரிமாருடன் கூடி அச்சுத்தொழிலைக் கற்றதற்கும், தம் நூலைத் தாமே அச்சுக்கு எழுதிக்கொடுத்ததற்கும் இவ்வனுபவமும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். பாதிரிமாருக்கு மலாய் கற்பித்து விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியமையால் ‘பாதிரி அப்துல்லா’ என்று ஊரார் ஏளனம் செய்தனர். அவரோ இறுதிவரை தம் மதத்தில் உறுதியுடனிருந்தார்.

இனி, கிளந்தான் பிரயாணத்திற்கு வருவோம். கிளந்தானில் அரச குடும்பத்தாருக்குள் போர் மூண்டு, சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் அங்கே அகப்பட்டுக்கொண்டன. அவற்றை மீட்பதற்காக ஆங்கில அதிகாரிகளின் கடிதங்களோடு சென்றவர்களில் அப்துல்லாவும் ஒருவர். வழியெங்கும் கொள்ளைக்காரர் பயம். பகாங்கிலும் திரங்கானுவிலும் இறங்கி, ஜனங்களின் நிலையைப் பார்வையிடுகின்றார். நிலம் வளமாயிருக்கின்றது; ஜனங்கள் வறுமையிலிருக்கின்றனர். ஆண்களிற் பலர் ஈட்டிகளையும் கிரிஸ் என்னும் குத்துவாளையும் ஏந்திக்கொண்டு சும்மா திரிகின்றனர்; சந்தையில் வியாபாரம் செய்வோர் பெண்கள். இன்னின்ன நிற ஆடை அணிந்தோ, குடை பிடித்தோ, செருப்பணிந்தோ அரசன் வீட்டின்முன் போகலாகாதென்பது திரங்கானுவில் சட்டம். இவற்றைக் கண்டு அப்துல்லா வியக்கின்றார். தெரு அழுக்காகக் கிடக்கின்றது, ஜனங்களுக்குக் கல்வியில்லை, அபினி பரவியிருக்கின்றது, அவற்றிற்கெல்லாம் சட்டமில்லை, குடைக்கும் செருப்புக்கும் மட்டும் சட்டமிருக்கின்றதே என்பது அவர் கேள்வியின் கருத்து. குடையும் செருப்பும் சிலர்க்கு உரியன, பலர்க்கு விலக்கு என்னும் கட்டுப்பாட்டை நம் கிராமங்களில் கண்டறிந்த நாம் இதைப் படித்து அயல்நாட்டு விந்தையென்று சிரிக்க இயலாது.

ஜனங்கள் ஏன் உழைப்பதில்லை என்று அப்துல்லா ஆராயும் முறை, இந்நூலின் மிகச் சிறந்த பகுதியாகும். மலாய்க்காரர் பிறவிச் சோம்பேறிகள் என்று வெள்ளைத் தோட்டக்காரரும் அதிகாரிகளும் பிற்காலத்தில் ஓயாது எழுதினர். அப்துல்லா அவ்வாறு சொல்லவில்லை. நல்ல வீடு கட்டினால், நல்ல தோட்டம் வைத்தால், கையிற் பொருள் சேர்ந்தால், அரசனோ அரசனைச் சேர்ந்தவர்களோ வந்து பிடுங்கிக்கொள்வர். ஆதலால் இன்றைய உணவுக்குமேல் உழைப்பதில் பயனில்லை என்று ஜனங்கள் கருதுகின்றனர் என்கிறார். சோம்பல் இரத்தத்திலிருந்து வருவதன்று, அநீதியிலிருந்து வருவது என்னும் இவ்வுண்மையை 1838-ல் ஒரு குமாஸ்தா தம் கண்ணால் கண்டு எழுதிவிட்டார். ஒரு ஜாதியார் பிறவியிலேயே அறிவிலிகள் என்றும், ஒரு தேசத்தார் பிறவியிலேயே அடிமைகள் என்றும் கதைப்போருக்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகின்றது. அப்துல்லா வெள்ளையரிடம் சம்பளம் பெற்றவர். அவர்களுக்குக் கடிதம் எழுதியவர். அவர்களைப் புகழ்ந்து தம் அரசர்களை இகழ்ந்தவர். அவர் சாட்சியத்தை எப்படி நம்புவது என்று பிற்கால மலாய் நாட்டுப்பற்றாளர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனந்தரங்கம் பிள்ளையும் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாயிருந்தவரே. அந்நிய ஆட்சிக் காலத்தில் எழுதத் தெரிந்தவனாகவும், உள்ளே சென்று பார்க்கக் கூடியவனாகவும் இருந்தவன் பெரும்பாலும் துபாஷியும் முன்ஷியுமே. அவர்களைத் தள்ளிவிட்டால் நமக்கு எஞ்சுவது துரைமார்களின் கடிதம் மட்டுமேயாகும். ஆகவே தள்ளுவதன்று, எடைபோடுவதே நம் கடமை. தமக்கு லாபமில்லாத இடத்தில் ஒருவன் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம். கல்லை உடைத்தவரை அவர் கண்டிக்கும்போதும், மலாக்காவில் குடிவெறி கொண்ட ஆங்கில மாலுமிகளைக் கண்டு ஜனங்கள் ஓடி ஒளிந்ததை எழுதும்போதும், எஜமானருக்கு இனிப்பது எதுவென்று அவர் பார்க்கவில்லை.

ஆனால் அவர் ஆராயாமல் விட்ட இடங்களையும் நாம் மறைக்கலாகாது. அரசர்களின் கொள்ளையைக் காரணகாரியத்தோடு ஆராய்ந்தவர், கம்பெனியின் ஆட்சியை அவ்வாறு ஆராயவில்லை. சிங்கப்பூரில் 1820 முதலே அபினிக் குத்தகை ஏலம் விடப்பட்டு, அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது. பகாங்கில் அபினி தின்போரைக் கண்டு இரங்கியவர், அபினியை விற்று ஊரைக் காத்த ஆட்சியை நீதியாட்சி எனப் போற்றினார். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களிற் பலர். காலில் விலங்குடன் அவர்கள் காடு வெட்டினர், சாலை போட்டனர், செங்கல் சுட்டனர். ஆண்டிறூஸ் மாதாகோயிலையும், இன்று இஸ்தானா எனப்படும் கவர்னர் மாளிகையையும் எழுப்பினர். அவர்களில் ஒருவன் தன் கைப்பட எழுதிய தினசரி ஒன்றும் நம் கைக்கு வந்ததில்லை. தன் வீட்டு வாயிலில் எதைக் கண்டு அழுதான், எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு செத்தான் என்பதை நாம் அறியோம். சிராங்கூன் சாலையில் செங்கல் சூளைகளிலும் சுண்ணாம்புக் காளவாய்களிலும் மாட்டுக்கொட்டில்களிலும் உழைத்த நம்மவர் கதையும் இத்தகையதே. எருமைச் சாலை என்னும் தெருப்பெயர் நிற்கின்றது; எருமை மேய்த்தவன் பெயர் நிற்கவில்லை.

1854-ல் அப்துல்லா சிங்கப்பூரிலிருந்து மக்காவுக்குக் கப்பலேறினார். குமரிமுனைக் கடலில் தம் கப்பல் புயலிற் பட்ட பாட்டை அவர் எழுதியிருப்பது, அவர் எழுத்துக்களிற் சிறந்த பகுதிகளுள் ஒன்று. தம் முன்னோரின் நாட்டிற்கு அவ்வளவு அருகில் சென்ற அவர் சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. அந்த யாத்திரையிலேயே அரபு நாட்டில் உயிர் நீத்தார். குறிப்பு நடுவில் நின்றுபோயிற்று. நின்றபடியே அதைப் பின்னர் அச்சிட்டனர்.

2019-ல் சிங்கப்பூரின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, ஆற்றங்கரையில் ராபில்ஸின் சிலைக்குப் பக்கத்தில் வேறு நால்வரின் சிலைகளும் வைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் முன்ஷி அப்துல்லா. மற்றொருவர் 1819-ல் பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை நடத்தி, 1827-ல் மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலிய நாராயண பிள்ளை. இருவரையும் நம்மவரென்று சொல்லிக்கொள்வதில் தமிழர் மகிழ்ச்சி அடைந்தனர். மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால், மலாய்க்காரர் இவரைத் தம் புதிய உரைநடையின் தந்தை என்பர்; அரபியர் தம் வழியினர் என்பர்; நாமோ நாகூர்த் தொடர்பைப் பேசுவோம். இந்த உரிமை வழக்கில் அவர் எழுதிய நூல் படிக்கப்படாமல் கிடக்குமானால், சிலையால் விளையும் நன்மை யாது? தம் இனத்தாரின் குற்றத்தைத் தம் இனத்தாருக்கே எடுத்துச் சொன்ன ஒருவரை, இனப்பெருமைக்கு மட்டும் பயன்படுத்துவது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்குச் செல்வோர், கட்டட வேலையிலிருந்தும் கப்பற்பட்டறையிலிருந்தும் வந்து கூடும் தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கிற் காணலாம். தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்களிற் பலர். விலங்கிட்டு வந்தவர்களுக்கு எழுத்தில்லை. இவர்களுக்கு எழுத்து இருக்கின்றது. கையிலுள்ள தொலைபேசியில் ஊருக்குப் பேசி முடித்தபின், அன்று கண்டதை நான்கு வரி எழுதிவைக்க அவர்களால் இயலும். ஏஜெண்டு கேட்ட தொகை எவ்வளவு, தங்கும் அறையில் எத்தனை பேர், மேஸ்திரி எப்படிப் பேசினான், நோய் வந்தபோது யார் பார்த்தார்கள் என்பனவற்றை ஒருவர் நாள்தோறும் குறித்துவைத்தால், நூறு வருஷங்களுக்குப்பின் நம் காலத்தை ஆராய்பவர்களுக்கு அதனினும் சிறந்த சாசனம் கிடையாது. அப்துல்லா எலிகளையும் தலையோடுகளையும் கயிற்றிற் கட்டிய பெண்களையும் எழுதியபோது, அவை சரித்திரமாகுமென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் அவரைப் படிக்கவேண்டுமென்றும், எழுதத் தெரிந்தவர்கள் அவரைப்போல் எழுதத் தொடங்கவேண்டுமென்றும் நாம் கேட்டுக்கொள்ளுகின்றோம்.